இளம் விளையாட்டு வீரர்களுக்கான சமநிலை, நடைச் சோதனைகளின் நம்பகத்தன்மை: எண்ணும் அதன் பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

தலையில் அடிபட்ட இளம் விளையாட்டு வீரர் களத்திற்கு எப்போது திரும்பலாம் என்பதை முடிவு செய்வதில் சமநிலைச் சோதனைகளும் நடைச் சோதனைகளும் பங்கு வகிக்கின்றன. இச்சோதனைகளின் நம்பகத்தன்மை பெரும்பாலும் ஒரே ஒரு கெழுவாகச் சுருக்கிச் சொல்லப்படுகிறது. அக்கெழு சோதனைக்கு மட்டும் உரிய பண்பு அன்று. சோதிக்கப்பட்ட குழு, மதிப்பீட்டாளர், இடைவெளி, முயற்சிகளின் எண்ணிக்கை ஆகிய அனைத்தும் சேர்ந்து அதனை உருவாக்குகின்றன. பிழை எண்ணும் சமநிலைச் சோதனையையும் நேரம் அளக்கும் நடைச் சோதனையையும் எடுத்துக்கொண்டு, கெழுவிலிருந்து தனியொரு வீரரைப் பற்றிய முடிவுக்குச் செல்லும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சமநிலைச் சோதனை, அடியொட்டு நடை, நம்பகத்தன்மை, அளவீட்டுத் திட்டப் பிழை, மூளை அதிர்வு, இளம் வீரர்

முன்னுரை

பதினான்கு வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவரை எண்ணிக்கொள்வோம். போட்டிப் பருவம் தொடங்குமுன் நடத்திய சமநிலைச் சோதனையில் அவர் 12 பிழைகள் செய்திருக்கிறார். பருவத்தின் நடுவே ஒரு மோதலில் தலையில் அடிபடுகிறது. மறுநாள் அதே சோதனையில் 17 பிழைகள். கூடுதலாக வந்த ஐந்து பிழைகள் அடிபட்டதன் விளைவா? முதல்முறை சோதித்தவர் ஒருவர், இரண்டாம் முறை சோதித்தவர் வேறொருவர் என்பதன் விளைவா? அன்று காலைப் பயிற்சியின் களைப்பா? அல்லது அடியே படாமல் இரண்டாம் முறை நின்றிருந்தாலும் இந்த அளவு வேறுபாடு வந்திருக்குமா?

நம்பகத்தன்மை பற்றிய ஆய்வுகள் விடை தேடுவது இந்தக் கடைசி வினாவுக்குத்தான். ஆயினும் அவற்றின் முடிவுகள் ஆய்வேடுகளில் எடுத்தாளப்படும்போது, ‘இச்சோதனை நம்பகமானது’ என்ற ஒற்றைத் தொடராகச் சுருங்கிவிடுகின்றன. அந்தத் தொடரால் மேற்கண்ட வீராங்கனைக்கு எந்தப் பயனும் இல்லை. அவருக்குத் தேவைப்படுவது, ஐந்து பிழை என்பது பெரிதா சிறிதா என்பதற்கான விடை.

சோதனைகளின் வடிவம்

கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொல்லி நரம்பு மண்டலத்தைச் சோதிக்கும் வழக்கம் பழையது. பெர்லின் மருத்துவர் மோரிட்ஸ் ஹைன்ரிக் ரோம்பர்க், தண்டுவட நோயாளிகள் கண்ணை மூடியதும் தள்ளாடுவதை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தம் நூலில் விவரித்தார். பார்வை, தசைகளிலும் மூட்டுகளிலும் இருந்து வரும் உணர்வு, உட்செவிச் சமநிலை உறுப்பு ஆகிய மூன்றின் துணையால் உடல் நிமிர்ந்து நிற்கிறது. ஒன்றை நீக்கினால் மற்ற இரண்டின் நிலை வெளிப்படும். இன்றைய சோதனைகளும் இந்தத் தருக்கத்தின் மேல்தான் கட்டப்பட்டுள்ளன.

விளையாட்டு மருத்துவத்தில் பரவலாக வழங்குவது, பெஸ் என்று சுருக்கி அழைக்கப்படும் சமநிலைப் பிழை மதிப்பெண் முறை. அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ரீமன், குஸ்கீவிச் முதலானோர் இதனை உருவாக்கினர். இரு கால்களையும் சேர்த்து நிற்றல், ஆதிக்கம் குறைந்த காலில் மட்டும் நிற்றல், ஒரு பாதத்தின் குதிகாலை மறுபாதத்தின் விரல்நுனி தொடுமாறு முன்பின்னாக நிற்றல் என மூன்று நிலைகள். இவற்றைக் கெட்டித் தரையில் ஒருமுறையும் நுரைத் திண்டின் மேல் ஒருமுறையும் செய்ய வேண்டும். கைகள் இடுப்பில், கண்கள் மூடியிருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 20 விநாடி. கையை எடுத்தல், கண் திறத்தல், அடி பெயர்த்தல் அல்லது தடுமாறுதல், இடுப்பு மூட்டினை 30 பாகைக்கு மேல் விலக்குதல், குதிகாலையோ முன்பாதத்தையோ தூக்குதல், ஐந்து விநாடிக்கு மேல் நிலையை இழந்திருத்தல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு பிழை. ஒரு நிலைக்கு உச்சம் பத்து, மொத்தம் அறுபது. நுரைத் திண்டினை விட்டுத் தரையில் மட்டும் செய்யும் சுருக்க வடிவத்தில் மொத்தம் முப்பது.

நடைச் சோதனைகளுள் இளம் வீரர்களுக்கு மிகுதியும் பயன்படுவது அடியொட்டு நடை. தரையில் ஒட்டிய 38 மில்லிமீட்டர் அகல நாடாவின் மேல் மூன்று மீட்டர் தூரம், ஒவ்வோர் அடியிலும் குதிகால் மறுபாதத்தின் விரல்நுனியைத் தொடுமாறு விரைந்து நடந்து, முனையில் திரும்பி, புறப்பட்ட இடத்திற்கு வர வேண்டும். இங்கு எண்ணப்படுவது பிழை அன்று, நேரம். காயத் தடுப்புத் துறையில் வழங்கும் ஒய் சமநிலைச் சோதனை மூன்றாவது வகை. ஒரு காலில் நின்றபடி மறுகாலை முன்னும், பின்புறம் உள்நோக்கியும், பின்புறம் வெளிநோக்கியும் நீட்டி எட்டிய தூரத்தைச் சென்டிமீட்டரில் அளப்பது இது.

ஆக, ஒரு சோதனையில் மனிதக் கண் பிழையை எண்ணுகிறது. ஒன்றில் கடிகாரம் நேரத்தைக் குறிக்கிறது. ஒன்றில் அளவுகோல் தூரத்தைக் காட்டுகிறது. நம்பகத்தன்மை பற்றிய பேச்சில் இந்த வேறுபாடு அடிப்படையானது.

நம்பகத்தன்மை, ஏற்புடைமை

இவ்விரு சொற்களும் தமிழ் ஆய்வேடுகளில் அடிக்கடி இடம் மாறி நிற்பதால் ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகிறது. அளக்க நினைத்ததையே ஒரு சோதனை அளக்கிறதா என்பது ஏற்புடைமை. மாறாத ஒன்றை மீண்டும் அளந்தால் அதே விடை வருகிறதா என்பது நம்பகத்தன்மை. எப்போதும் இருநூறு கிராம் குறைத்துக் காட்டும் தராசு நம்பகமானது, ஆனால் தவறானது. இளம் வீரரின் சமநிலையைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வியே கடினமானது. ஏனெனில் ‘மாறாத ஒன்று’ என்பதே அங்கு அரிது. தராசில் வைத்த படிக்கல் தன்னை அளப்பதை அறியாது. சிறுவன் அறிவான், கற்றுக்கொள்வான், சலித்துக்கொள்வான், இரண்டு மாதத்தில் வளர்ந்தும்விடுவான்.

இத்துறையில் நம்பகத்தன்மையைச் சுட்டப் பெரிதும் பயன்படுவது உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழு. வீரர்களுக்கிடையே காணப்படும் மொத்த வேறுபாட்டில், உண்மையான வேறுபாட்டின் பங்கு எவ்வளவு என்பதை இது 0 முதல் 1 வரையிலான எண்ணாகத் தருகிறது. 2016இல் கூ, லீ ஆகிய இருவரும் முன்வைத்த வகைப்பாடு இன்று பலராலும் பின்பற்றப்படுகிறது. 0.5க்குக் கீழ் குறைவு, 0.75 வரை மிதம், 0.9 வரை நன்று, அதற்கு மேல் மிக நன்று. வசதியான ஏணிதான். ஆனால் இந்த ஏணியில் ஒரு சோதனை எந்தப் படியில் நிற்கிறது என்பதைச் சோதனை மட்டும் தீர்மானிப்பதில்லை.

கெழு குழுவைப் பொறுத்தது

ஓர் எளிய கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஒரு சோதனையின் அளவீட்டுப் பிழை எல்லாச் சிறுவர்களிடத்தும் ஒன்றே என்றும், அப்பிழையின் விலக்க வர்க்கச் சராசரி 4 என்றும் கொள்வோம். பதின்மூன்று, பதினான்கு வயதினர் மட்டும் அடங்கிய குழுவில் வீரர்களுக்கிடையேயான உண்மை வேறுபாட்டின் விலக்க வர்க்கச் சராசரியும் 4 எனில், கெழு 4/(4+4), அதாவது 0.5. அதே சோதனையை எட்டு வயது முதல் பதினெட்டு வயது வரை கலந்த குழுவிடம் நடத்தினால், சிறியவர் மிகுதியாகத் தள்ளாடுவதாலும் பெரியவர் உறுதியாக நிற்பதாலும் உண்மை வேறுபாடு 16 ஆக உயரலாம். அப்போது கெழு 16/(16+4), அதாவது 0.8.

அளக்கும் முறை அணுவளவும் மேம்படவில்லை. ஒவ்வொரு சிறுவரின் மதிப்பெண்ணிலும் உள்ள ஐயம் முன்பிருந்த அதே அளவுதான். ஆனால் முதல் ஆய்வு ‘மிதத்தின் விளிம்பு’ என்று எழுதப்படும். இரண்டாவது ‘நன்று’ என்று எழுதப்படும். இளம் வீரர்கள் குறித்த ஆய்வுகளை ஒப்பிடுகையில் வயது வீச்சு எவ்வளவு என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. வயது வந்தோரிடம் பத்தாண்டு இடைவெளி சமநிலையை அவ்வளவாக மாற்றாது, குழந்தைகளிடம் மாற்றும். புலன்களின் செய்திகளை ஒருங்கிணைத்து நிற்கும் திறன் நான்கு முதல் ஆறு வயதில் மிகவும் நிலையற்று இருப்பதையும், ஏழு முதல் பத்து வயதில் பெரியவர்களின் பாங்கினை நெருங்குவதையும் ஷம்வே-குக், வுலகாட் ஆகியோரின் 1985ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

எதிர்த்திசையில் நடக்கும் ஒன்றும் உண்டு. கெட்டித் தரையில் இரு கால் சேர்த்து நிற்கும்போது பெரும்பாலோர் ஒரு பிழையும் செய்வதில்லை. எல்லோரும் சுழியம் பெற்றால் வேறுபாடு என்பதே இல்லை. வேறுபாடு இல்லாத இடத்தில் கெழு சரிந்துவிடும். அந்நிலையை நம்பகமற்றது என்பதைவிட எதையும் பிரித்துக் காட்டாதது என்பதே பொருத்தம். உயர்நிலைப் பள்ளி வீரர்களிடம் ஹண்ட் குழுவினர் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு இதனையே பயன்படுத்திக்கொண்டது. மூல வடிவத்தில் 0.60 என இருந்த நம்பகத்தன்மை, இருகால் நிலைகளை நீக்கி, எஞ்சிய நான்கு நிலைகளை மும்முறை செய்வித்தபோது 0.88 ஆனது. முயற்சிகளைக் கூட்டிச் சராசரி காண்பதன் ஆற்றலைப் பழைய ஸ்பியர்மன்-பிரவுன் சூத்திரமே சொல்கிறது. ஒருமுறைக்கு 0.6 எனில் மும்முறைச் சராசரிக்கு ஏறத்தாழ 0.82. செலவு இரண்டு நிமிடம். இந்த இரண்டு நிமிடத்தை மைதானங்கள் ஏன் தர மறுக்கின்றன என்பது புள்ளியியலுக்கு வெளியே உள்ள கேள்வி.

கண்ணும் கடிகாரமும்

பெஸ் முறையை உருவாக்கியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மதிப்பீட்டாளர்களுக்கிடையேயான கெழு வெவ்வேறு நிலைகளுக்கு 0.78 முதல் 0.96 வரை இருந்தது. பத்தாண்டு கழித்து, ஃபினாஃப் குழுவினர் வீரர்களின் ஒளிப்பதிவுகளைப் பல மதிப்பீட்டாளர்களிடம் காட்டிப் பிழைகளை எண்ணச் சொன்னபோது, மொத்த மதிப்பெண்ணுக்கு அக்கெழு 0.57 ஆகக் குறைந்தது. ஒரே மதிப்பீட்டாளர் மீண்டும் எண்ணியபோதுகூட 0.74தான்.

ஒளிப்பதிவு மாறுவதில்லை. வீரர் களைப்படைவதில்லை, கற்றுக்கொள்வதில்லை. அதே இருபது விநாடியை அதே நபர் இரண்டாம் முறை பார்க்கிறார். அப்படியிருந்தும் எண்ணிக்கை மாறுகிறது என்றால், பிழையின் வரையறையிலேயே இடைவெளி இருக்கிறது என்று பொருள். கால் விலகியது 28 பாகையா 32 பாகையா என்று வெறுங்கண் எப்படிச் சொல்லும்? குதிகால் தூக்கியதா, பாதம் வெறுமனே உருண்டதா? தடுமாறியபோது கண்ணும் திறந்து கையும் விலகினால் அது ஒரு பிழையா, மூன்றா? ஒரே நேரத்தில் நிகழ்ந்தவற்றை ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்பது விதி. ‘ஒரே நேரம்’ என்பதன் அகலத்தை ஒவ்வொரு கண்ணும் தன் போக்கில் வரையறுத்துக்கொள்கிறது.

ஒய் சமநிலைச் சோதனையில் நிலைமை வேறு. பிளிஸ்கி குழுவினர் 2009இல் கண்ட மதிப்பீட்டாளர்களுக்கிடையேயான கெழு 0.99 முதல் 1.00 வரை. கருவியின் அளவுகோலில் உள்ள எண்ணை இருவர் படிக்கும்போது முரண்பாட்டுக்கு இடமில்லை. ஆனால் ஒரே மதிப்பீட்டாளர் மீண்டும் அளந்தபோது கிடைத்த கெழு 0.85 முதல் 0.91 வரை. இந்த இறக்கம் வியப்பன்று. முதலாவதில் இருவரும் ஒரே முயற்சியைப் பார்த்தனர். இரண்டாவதில் வீரரே மீண்டும் நீட்டினார். கருவியின் துல்லியமும் உடலின் நிலைத்தன்மையும் வெவ்வேறு செய்திகள் என்பதை இந்த இணை எண்கள் காட்டுகின்றன. ‘நம்பகத்தன்மை 0.99’ என்று மட்டும் ஓர் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டப்பட்டால், எந்த நம்பகத்தன்மை என்று நெறியாளர் கேட்டாக வேண்டும்.

அடியொட்டு நடையும் கடிகாரத்தின் பக்கமே சாய்கிறது. தொடக்கத்தையும் முடிவையும் குறிப்பதில் கைவிரலின் தாமதம் ஒரு விநாடியின் சிறு பகுதியே. நடை எடுப்பதோ பத்து விநாடிக்கு மேல். நலமான சிறார், வளரிளம் வீரர்களிடம் இடைவெளி விட்டு இருமுறை நடத்திய சோதனைகளில் கெழு 0.8க்கு மேல் வந்துள்ளது. ஒன்பது முதல் பதினான்கு வயதினரிடம் பெஸ் முறைக்கு 2006இல் வலோவிச் மெக்லியோட் குழுவினர் கண்டது 0.70.

கற்றல், களைப்பு

இருமுறை சோதனையில் எல்லாச் சிறுவர்களும் சரியாக மூன்று பிழை குறைத்துச் செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரிசை மாறவில்லை, முதலில் நின்றவர் முதலிலேயே நிற்கிறார். இசைவினை மட்டும் பார்க்கும் கெழு வகை இதற்கு 1 என்ற முழு மதிப்பைத் தரும். முழு உடன்பாட்டைப் பார்க்கும் வகையோ குறைத்துக் காட்டும். ஷ்ரவுட், ஃப்ளீஸ் இருவரும் 1979இலேயே கெழுவின் ஆறு வடிவங்களைப் பிரித்துக் காட்டியும், எந்த வடிவம் கணக்கிடப்பட்டது என்று சொல்லாத கட்டுரைகள் இன்றும் வருகின்றன. கணினி நிரல் முதலில் காட்டிய எண்ணை எடுத்து எழுதிவிடுவதே வழக்கமாகியுள்ளது.

இது வெறும் கணக்கு நுணுக்கம் அன்று. உயர்நிலைப் பள்ளி வீரர்களிடம் பெஸ் சோதனையை மீண்டும் மீண்டும் நடத்தியபோது பிழைகள் குறைந்துகொண்டே வந்ததை வலோவிச், பெரின், கான்ஸ்னீடர் ஆகியோர் 2003இல் பதிவு செய்தனர். அதே வீரர்களுக்கு நடத்திய நினைவாற்றல் சார்ந்த சோதனையில் இந்தக் கற்றல் விளைவு தென்படவில்லை. இதன் பொருளை முன்சொன்ன வீராங்கனையிடம் வைத்துப் பார்க்கலாம். அடிபட்ட பின் அவர் பழைய அதே 12 பிழைகளைச் செய்திருந்தால், ‘மாற்றமில்லை, நலம்’ என்று எழுதிவிட வாய்ப்புண்டு. நலமாக இருந்திருந்தால் அவர் இரண்டாம் முறை 9 அல்லது 10 பிழைகள்தான் செய்திருப்பார் என்றால், அந்த 12 என்பது மறைந்து நிற்கும் சரிவு. காயம் தள்ளியதைக் கற்றல் தாங்கிப் பிடித்திருக்கிறது.

களைப்பு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. கடுமையான உழைப்புக்குப் பின் பெஸ் பிழைகள் கூடுவதும், ஏறத்தாழ 20 நிமிட ஓய்வில் பழைய நிலைக்குத் திரும்புவதும் 2004ஆம் ஆண்டின் ஆய்வுகளில் தெளிவாயின. ஆகவே ஆட்டத்தின் நடுவில் வெளியே அழைத்து உடனே சோதித்த மதிப்பெண்ணை, பருவத் தொடக்கத்தில் ஓய்வாக நின்று பெற்ற மதிப்பெண்ணுடன் ஒப்பிடுவது முறையன்று. கால் காப்பு, காலணி, தரை, நுரைத் திண்டின் தேய்மானம் ஆகியவற்றையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம், விரிக்கத் தேவையில்லை. இன்னொன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். முதல் சோதனையிலேயே வேண்டுமென்று தள்ளாடி வைத்தால் பின்னால் அடிபட்டாலும் ஆட்டத்தில் நீடிக்கலாம் என்று கணக்குப் போடும் வீரர்கள் உண்டு. எந்தக் கெழுவும் இதனைக் காட்டிக்கொடுக்காது.

பதினான்கு விநாடி

அனைத்துலக மாநாடுகளின் வழி உருவாகி, ஸ்கேட் என்று வழங்கும் விளையாட்டு மூளை அதிர்வு மதிப்பீட்டுக் கருவியின் பதிப்புகளில் அடியொட்டு நடை கண்ட ஏற்ற இறக்கம் இத்துறையின் தயக்கங்களை நன்கு காட்டும். 2013இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் நான்கு முயற்சிகளில் சிறந்த நேரம் எடுக்கப்பட்டது. 14 விநாடிக்குள் முடிக்க வேண்டும் என்ற எல்லையும் இருந்தது. 2017இன் ஐந்தாம் பதிப்பில் கடிகாரம் நீங்கி, இயல்பாக நடக்க முடிகிறதா என்ற ஆம்-இல்லைக் கேள்வியாக அது சுருங்கியது. 2023இன் ஆறாம் பதிப்பில் கடிகாரம் திரும்பி வந்தது. மூன்று முயற்சிகள், அவற்றின் சராசரி, மிகக் குறைந்த நேரம் ஆகியவை குறிக்கப்படுகின்றன. எண்களைச் சொல்லிக்கொண்டே நடக்கும் இரட்டைப் பணி வடிவமும் சேர்ந்தது.

பதினான்கு விநாடி என்ற எல்லைக்கு ஆதாரமாக இருந்த தரவுகள் பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆனோரிடம் திரட்டப்பட்டவை. பத்து வயதுச் சிறுவனின் பாதம் சிறியது. குதிகாலும் விரல்நுனியும் தொட நடக்கையில், மூன்று மீட்டரைக் கடக்க அவனுக்கு மிகுதியான அடிகள் தேவை. பாதம் 20 சென்டிமீட்டர் எனில் ஒரு வழிக்கு 15 அடி. 25 சென்டிமீட்டர் எனில் 12. நரம்பு மண்டலத்தின் முதிர்ச்சியைப் பற்றிப் பேசத் தொடங்குமுன்பே, வெறும் வடிவியல் அவனைத் தாமதப்படுத்திவிடுகிறது. எல்லோருக்கும் பொதுவான ஓர் எல்லையைவிட, அவரவரின் முந்தைய நேரத்துடன் ஒப்பிடுவதே இளம் வீரர்களுக்குப் பொருந்தும். அப்படி ஒப்பிடும்போதுதான் நம்பகத்தன்மை தவிர்க்க முடியாத கேள்வியாகிறது.

ஐந்து பிழை பெரிதா?

கெழுவைத் தனிநபருக்குப் பயன்படும் அளவாக மாற்ற இரண்டு படிகள் போதும். திட்ட விலக்கத்தை, ஒன்றிலிருந்து கெழுவைக் கழித்ததன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் அளவீட்டுத் திட்டப் பிழை கிடைக்கும். அதனை 1.96ஆலும் 2இன் வர்க்கமூலத்தாலும் பெருக்கினால், 95 விழுக்காட்டு உறுதியுடன் கண்டறியத்தக்க குறைந்தபட்ச மாற்றம் கிடைக்கும். இரண்டின் வர்க்கமூலம் வருவது, முதல் அளவீட்டிலும் பிழை உண்டு, இரண்டாவதிலும் உண்டு என்பதால். திட்ட விலக்கம் 5, கெழு 0.70 எனில் திட்டப் பிழை 2.74; கண்டறியத்தக்க மாற்றம் 7.6. கெழு 0.90 ஆக உயர்ந்தால் அது 4.4 ஆகக் குறையும். ‘மிதம்’ என்பதற்கும் ‘நன்று’ என்பதற்கும் உள்ள தூரம் இப்போது பிழைகளின் எண்ணிக்கையாகவே தெரிகிறது.

ஃபினாஃப் குழுவினர் பெஸ் முறைக்குக் கண்ட எல்லை, ஒரே மதிப்பீட்டாளர் எனில் 7.3, மதிப்பீட்டாளர் மாறினால் 9.4. முன்சொன்ன வீராங்கனை 12இலிருந்து நகர்ந்திருக்கிறார். அளவீட்டின் இயல்பான அலைச்சலைத் தாண்டிய மாற்றம் என்று சொல்ல, அதே மதிப்பீட்டாளரிடம் அவர் 20 பிழைகளும் வேறொருவரிடம் 22 பிழைகளும் செய்திருக்க வேண்டும். 17 போதாது.

இதனுடன் இன்னோர் எண்ணை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீரர்களைப் பின்தொடர்ந்து மக்ரியா குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மூளை அதிர்வு ஏற்பட்ட உடனே வீரர்களின் பெஸ் பிழைகள் ஒப்பீட்டுக் குழுவினரைவிடச் சராசரியாக 5.81 கூடுதலாக இருந்தன. நம்பிக்கை இடைவெளி, சுழியத்துக்குக் கீழே 0.67இல் தொடங்கி 12.30 வரை விரிந்தது. மூன்று முதல் ஐந்து நாள்களில் அந்தக் குறைபாடு மறைந்துவிட்டது. காயம் விட்டுச்செல்லும் சராசரித் தடம் ஏறத்தாழ ஆறு பிழை. சோதனை தனியொருவரிடம் உறுதியாகக் கண்டுகொள்ளக்கூடியது ஏழுக்கு மேல். மக்ரியா குழுவினரின் வீரர்கள் வயது வந்தோர் என்பதால் இந்த ஒப்பீட்டை அப்படியே சிறாருக்குப் பொருத்த முடியாது. ஆயினும் வலைக்கண்ணைவிட மீன் சிறியது என்ற நிலைமை சிறாரிடம் மேம்பட்டிருக்கும் என்று கருதக் காரணம் எதுவும் இல்லை.

இங்கு ஒரு தவறான முடிவுக்கு இடம் தரக்கூடாது. மாற்றம் எல்லையைத் தாண்டவில்லை என்பது காயம் இல்லை என்பதற்குச் சான்றன்று. சோதனையால் சொல்ல இயலவில்லை என்பது மட்டுமே. 17 பிழை செய்த வீராங்கனையின் சமநிலை உண்மையிலேயே கெட்டிருக்கலாம். மூளை அதிர்வு என்ற ஐயம் எழுந்தாலே வீரரை ஆட்டத்திலிருந்து நீக்க வேண்டும், அன்றே திரும்ப விடக்கூடாது என்று அனைத்துலக ஒருமித்த அறிக்கைகள் வற்புறுத்துவதும், எந்த ஒரு சோதனை மதிப்பெண்ணையும் தனித்து நோயறி சான்றாகக் கொள்ள வேண்டாம் என்று கருவியின் குறிப்பே கூறுவதும் இதனால்தான். அறிகுறிகள், நினைவாற்றல், சமநிலை, நடை ஆகிய நான்கும் ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்யும் வகையில் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டியவை.

நேரத்தை அளக்கும் நடைச் சோதனை இந்த இடத்தில் கூடுதல் கவனத்துக்குரியது. அதன் நன்மை கெழு உயர்ந்தது என்பதோடு முடியவில்லை. ஒரு பிழையா மூன்றா என்ற வழக்கு அதில் எழுவதில்லை. மதிப்பீட்டாளர் மாறினாலும் கடிகாரம் மாறாது. நாடாவும் மூன்று மீட்டர் தரையும் எந்தப் பள்ளியிலும் உண்டு. அதே வேளை அதிலும் கற்றல் உண்டு என்பதால், முதல் நாளிலேயே இரண்டொரு பயிற்சி நடைகளை அனுமதித்துவிட்டு அளவெடுப்பது நல்லது.

இரட்டைப் பணியும் எண்ணும் மொழியும்

ஆறாம் பதிப்பு சேர்த்துள்ள இரட்டைப் பணி நடை, தமிழ்ச் சூழலில் இச்சோதனையை மேற்கொள்ள விரும்பும் ஆய்வாளர் முன் ஒரு தனிச் சிக்கலை வைக்கிறது. வீரர் அடியொட்டி நடந்துகொண்டே, கொடுத்த ஓர் எண்ணிலிருந்து ஏழேழாகக் கழித்து உரக்கச் சொல்ல வேண்டும். நடைக்கும் நினைவுக்கும் ஒரே நேரத்தில் கவனத்தைப் பங்கிட வேண்டியிருப்பதால், தனி நடையில் தெரியாத குறை இதில் வெளிப்படலாம் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் கழித்தல் கணக்கு நரம்பு மண்டலத்தை மட்டும் சார்ந்ததன்று. பள்ளியில் எந்த மொழியில் கணக்குப் படித்தார் என்பதையும் சார்ந்தது. தமிழில் தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று சொல்ல எடுக்கும் அசைகள் ஆங்கிலத்தில் எடுப்பதைவிடக் கூடுதல். சொல்லின் தாளமும் அடியின் தாளமும் ஒன்றையொன்று இழுக்கக்கூடிய ஒரு பணியில் இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு. வீட்டில் தமிழிலும் வகுப்பில் ஆங்கிலத்திலும் எண்ணும் மாணவர், பருவத் தொடக்கத்தில் ஒரு மொழியிலும் அடிபட்ட பின் மற்றொரு மொழியிலும் எண்ணிவிட்டால், அவ்விரண்டு நேரங்களையும் கழித்துப் பெறும் வேறுபாட்டுக்கு என்ன பொருள் கொள்வது? தேதி, தரை, காலணி, மதிப்பீட்டாளரின் பெயர் ஆகியவற்றுடன், எண்ணிய மொழிக்கும் பதிவுத்தாளில் ஒரு கட்டம் தேவைப்படுகிறது.